கால்ஷீட்டும் காத்திருப்பும்

படத் தயாரிப்பு கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, பணத்தை எங்கே புரட்டுவது என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், பதிலும் சொல்வேன். அதற்கு முன்னால், ஒரே ஒரு நாள் படப்பிடிப்புக்குத் திட்டம் போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். காட்சி எளிதானது. கிராமத்துப் பேருந்து நிறுத்தம், இரண்டு நடிகர்கள், மாலை வெயில். மறுநாள் நடிகர் சம்பளம், கேமரா வாடகை, வண்டி, சாப்பாடு என்று எழுதிக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கூட்டலில் பிழை இருக்காது. அந்த நிறுத்தத்துக்கு நிஜப் பேருந்து எத்தனை மணிக்கு வரும், அப்போது யூனிட் வண்டிகள் எங்கே ஒதுங்கும், நடிகை உடை மாற்றிக்கொள்ள எந்த வீட்டில் கேட்டு வைத்திருக்கிறோம், பக்கத்துப் பள்ளிக்கூடம் எப்போது விடும், இவை ஒன்றும் அந்தத் தாளில் இருக்காது. தயாரிப்பு வேலை அந்த இடத்தில்தான் ஆரம்பம்.

நான் கோடம்பாக்கத்தில் புரொடக்‌ஷன் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, மேனேஜராகி, பிறகு சொந்தப் பொறுப்பில் கதைப்படங்களும் ஆவணப்படங்களும் எடுத்தவன். இரண்டும் வேறு வேறு தொழில் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. இரண்டிலும் தயாரிப்பாளன் பார்க்கிற வேலை, பிறருடைய நேரத்தைக் காப்பது. கதைப்படத்தில் ஒருவரையும் வீணாகக் காக்க வைக்கக் கூடாது. ஆவணப்படத்தில் நாம் காத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைக்கிறவன்தான் தயாரிப்பாளன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேனேஜரை யூனிட் முழுக்க அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வடபழனி ஸ்டூடியோக்களில் ஃப்ளோர் ஃப்ளோராக செட் போட்டுப் படம் எடுத்த காலத்திலேயே வேலைக்கு வந்தவர். அவரிடம் நீளமான ரூல் நோட்டு ஒன்று இருக்கும். இடப்பக்கத்தில் காட்சி எண், தேவையான ஆட்கள், பொருட்கள். வலப்பக்கத்தில் இரண்டு கட்டம். சம்பந்தப்பட்டவரிடம் சொல்லியாகிவிட்டால் முதல் கட்டத்தில் ஒரு டிக். பொருளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டாவது கட்டத்தில் டிக்.

பேக்கப் ஆனதும் அவர் முன்னால் நோட்டை விரித்து உட்கார வேண்டும். "மாட்டு வண்டி?" என்பார். "சொல்லியாச்சு அண்ணாச்சி." "மாட்டப் பாத்தியா?" வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், போன ஷெட்யூலில் வந்த மயிலைக் காளையை விற்றுவிட்டு வேறு ஜோடி கட்டி வைத்திருப்பார். காட்சித் தொடர்ச்சிக்கு அந்தக் காளைதான் வேண்டும். விற்றவர் யார், வாங்கியவர் எந்த ஊர் என்று விசாரித்து ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி வந்து கட்டுவோம். காலையில் டைரக்டர் வந்து "வண்டி ரெடியா?" என்று கேட்பார். "ரெடி சார்" என்பார் அண்ணாச்சி. முந்தின ராத்திரி என்ன நடந்தது என்று டைரக்டருக்கு ஒருநாளும் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்பது அண்ணாச்சியின் கொள்கை. "சொன்னேன்னு எங்கிட்ட வராத தம்பி, பாத்தேன்னு வா" என்பார். இன்றும் என் அசிஸ்டென்ட்களின் நோட்டில் அந்த இரண்டு கட்டமும் உண்டு. இப்போது அந்த மாட்டுக்கு விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் சென்சாரில் சான்றிதழ் நகராது. அதற்கும் இரண்டு டிக்.

லொக்கேஷன் பார்க்கிற வித்தையும் அவரிடம் வந்ததுதான். காட்சி எந்த நேரத்தில் நடக்கிறதோ அந்த நேரத்தில்தான் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பார். ஒரு படத்துக்காக டைரக்டரும் கேமராமேனும் காலை பத்து மணிக்கு ஒரு ஊர்க் கிணற்றைப் பார்த்துப் பிடித்துப்போய்த் திரும்பிவிட்டார்கள். காட்சியோ சாயங்காலம். அண்ணாச்சி மறுநாள் தனியாகப் பஸ் ஏறி நாலு மணிக்கு அங்கே போய் நின்றார். மேற்கே நின்ற புளியமரத்து நிழல் கிணற்றையும் துவைக்கிற கல்லையும் முழுக்க மூடியிருந்தது. அந்த இருட்டுக்கு லைட் கொடுப்பதென்றால் ஜெனரேட்டரை ஏற்ற வேண்டும், வண்டி போகிற அளவுக்குச் சந்தில் அகலம் இல்லை. அவர் திரும்பி வந்து, காட்சியைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று மட்டும் டைரக்டரிடம் கேட்டார். முடிந்தது. ஒரு பஸ் டிக்கெட் செலவில் ஒரு முழு நாள் கால்ஷீட் மிஞ்சியது.

இடத்தைப் பார்க்கப் போனால் வெயிலோடு சேர்த்து வேறு சிலவற்றையும் பார்த்து வர வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை தூரம்? கோயில் மைக் செட் எந்தத் திசையில் கட்டியிருக்கிறது? அந்த வாரத்தில் ஊரில் திருவிழா, கல்யாணம், துக்கம் ஏதாவது உண்டா? பஞ்சாயத்துத் தலைவருக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் கொடுத்தாகிவிட்டது என்பதோடு நின்றுவிடாதீர்கள். கேமரா வைக்கப்போகிற திண்ணைக்குச் சொந்தக்காரர் ஒரு பாட்டியாக இருப்பார். அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். கலெக்டர் அனுமதி கையில் இருந்தாலும் பாட்டி வேண்டாம் என்றால் அன்றைய வேலை நின்றுபோகும்.

மழைக்கு வழி வைப்பது அடுத்த பாடம். வெளிப்புறக் காட்சிக்குப் போகும் ஒவ்வொரு நாளும், பக்கத்திலேயே கூரைக்குக் கீழே எடுக்கக்கூடிய ஒரு காட்சியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அதற்கான உடை வண்டியில் இருக்க வேண்டும். அதில் வருகிற நடிகரும் கூப்பிட்டால் வந்து நிற்கும் தூரத்தில் இருக்க வேண்டும். தூறல் விழுந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால் பாதி நாள் போய்விடும். அண்ணாச்சி மேகத்தைப் பார்த்தபடியே காஸ்ட்யூமரிடம் பெட்டியை இறக்கச் சொல்லியிருப்பார். டைரக்டர் திரும்பிப் பார்க்கும்போது உள்ளே லைட் ஏறிக்கொண்டிருக்கும்.

பேட்டா கொடுப்பதை நான் ஒரு கலையாகவே பார்க்கிறேன். வேலை முடிந்ததும் அண்ணாச்சி ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு வெளிச்சத்தில் உட்காருவார். கையெழுத்துத் தாள் தொடையில், பணம் சட்டையின் உள்பையில். எல்லாவற்றையும் முன்பே சில்லறையாக மாற்றி வைத்திருப்பார், யாரையும் "மீதி நாளைக்கு" என்று அனுப்ப மாட்டார். முதலில் வாங்குகிறவர்கள் காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து டீ போட்ட புரொடக்‌ஷன் பையன்கள். பிறகு லைட்மேன்கள், டிரைவர்கள், ஜெனரேட்டர் ஆபரேட்டர். பெரிய சம்பளக்காரர்கள் கடைசி. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார். அந்த ஒரு பார்வையிலேயே யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிரச்சினை, யார் நாளைக்கு வர மாட்டார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு மாற்று ஆள் தேடுவதை அன்று ராத்திரியே ஆரம்பித்துவிடுவார். இப்போது பேங்க் கணக்குக்கே பணம் போய்விடுகிறது, நல்லதுதான். ஆனாலும் பேக்கப் நேரத்தில் ஒருமுறை எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு வருகிற பழக்கத்தை நான் விடவில்லை.

இனி பணம். கதைப்படத்துக்குப் பைனான்ஸ் வாங்கினால் வட்டி ஓடும். படப்பிடிப்பு நடந்தாலும் ஓடும், நடக்காவிட்டாலும் ஓடும். ஷெட்யூலுக்கும் ஷெட்யூலுக்கும் நடுவே சும்மா கிடக்கும் மாதங்கள்தான் தயாரிப்பாளனைத் தின்பவை. எனவே நடிகர் தேதி, செட், எடிட்டிங் எல்லாம் தொடர்ந்து ஓடும்படி கட்டி முடித்த பிறகே முதல் ரூபாயைக் கடன் வாங்குங்கள். வியாபாரத்தை ஏரியா ஏரியாவாகப் படித்துக்கொள்ளுங்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்தது ஒன்று. மதுரை ராமநாதபுரம் ஒன்று, திருச்சி தஞ்சாவூர் ஒன்று, திருநெல்வேலி கன்னியாகுமரி ஒன்று, கோவையும் சேலமும் தனித்தனி. எந்த ஏரியாவில் எந்த மாதிரிப் படம் ஓடும் என்பதைத் தியேட்டர் மேனேஜர்களிடம் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை ரிலீசுக்கு முந்தின வியாழக்கிழமை ராத்திரி, பழைய பாக்கிகள் எல்லாம் ஒன்றாகக் கதவைத் தட்டும். அன்றைக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட முடிகிறவன், ஆறு மாதத்துக்கு முன்பே கணக்கைத் தீர்த்து வைத்தவன். மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு என்று எழுதி, அதைத் தொடாமல் வையுங்கள்.

ஆவணப்படத்துப் பணத்தின் குணம் வேறு. முன்பெல்லாம் 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனும் தூர்தர்ஷனும்தான் பெரிய வாசல்கள். பிறகு அறக்கட்டளைகள், வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள், திரைப்பட விழாக்களை ஒட்டிய நிதிகள் என்று வழிகள் கிளைத்தன. எங்கே வாங்கினாலும் பணம் தவணையில்தான் வரும். ஒப்பந்தம் போட்டால் ஒன்று, ரஃப் கட் காட்டினால் ஒன்று, முடித்துக் கொடுத்த பிறகு கடைசி ஒன்று. அந்தக் கடைசித் தவணை வருவதற்குள் சவுண்ட் மிக்ஸிங்கும் கலர் கரெக்‌ஷனும் சப்டைட்டிலும் முடிந்திருக்க வேண்டும். அதாவது அவற்றுக்கான பணம் ஏற்கெனவே நம் கையில் இருக்க வேண்டும். முதல் தவணையிலேயே அதைப் பிரித்து வேறு கணக்கில் போடுங்கள். நன்றாக எடுத்த ஒரு படம் மிக்ஸிங் பண்ணப் பணமில்லாமல் அலமாரியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். படத்தில் பேசிய கிழவர்கள் அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

பிலிமில் வேலை பார்த்த எங்களுக்கு நேரத்தை அடியில் அளக்கிற பழக்கம் உண்டு. 35 எம்எம்மில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. 400 அடி ரோல் நாலரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும், 1000 அடி ரோல் பதினோரு நிமிடம். கேமரா ஓட ஆரம்பித்தால் உதவியாளர் வாய்க்குள் அடியை எண்ணிக்கொண்டிருப்பார். கேன் மூடி டேப் ஒட்டி, எக்ஸ்போஸ்ட் என்று எழுதி, எத்தனை அடி மிச்சம் என்று ரிப்போர்ட்டில் ஏற்றுவார். துண்டு பிலிமைக் கூட வீணாக்க மாட்டோம், கை, கால், கடிகாரம் என்று சின்ன ஷாட்டுகளுக்கு அது போதும்.

இந்தக் கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் ஏ.கே. செட்டியார் செய்த வேலையின் கனம் புரியும். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. பிறகு பல நாடுகளுக்கு அலைந்து, யார் யாரோ எப்போதோ எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. படத்தில் வைத்தது 12,000 அடி. இன்றைய ஓட்ட வேகத்தில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இருந்ததை இரண்டேகால் மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். 1940இல், பிரிட்டிஷ் ஆட்சி நடக்கும்போதே, தமிழ் வர்ணனையோடு அதை வெளியிட்டார். ஸ்டூடியோ முதலாளியாக இல்லாத, பயணமும் பத்திரிகையும் அறிந்த ஒருவர் செய்த காரியம் இது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கடிதம் போயிருக்கும், ஒரு பதிலுக்குக் காத்திருந்திருப்பார், ஒரு வாசலில் போய் நின்றிருப்பார். ஆவணப்படத் தயாரிப்பைக் கற்க வருகிறவர்கள் முதலில் வணங்க வேண்டிய கை அது என்று நினைக்கிறேன்.

காத்திருப்பு என்றால் என்ன என்று எனக்கு நன்றாக விளங்கியது தூத்துக்குடி உப்பளத்தில். அங்கே வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணை அறுக்கும். நாங்கள் முதல் சில நாள் கேமராவைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. அதிகாலையில் போவோம், வரப்பில் நிற்போம், டீ கொண்டு வருகிறவரோடு பேசுவோம். டைரக்டருக்கு அதில் சம்மதம். கேமராமேனுக்குத்தான் கை துறுதுறுத்தது. அந்த நாட்களுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு, கேமராவுக்கு வாடகை உண்டு. அதை நான் முன்பே பட்ஜெட்டில் எழுதியிருந்தேன், காட்சி எதுவும் எடுக்காத நாட்கள் என்றே தலைப்புப் போட்டு.

பிறகு ஒரு நாள் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "என்ன தம்பி, பெட்டியத் தொறக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டார். அன்றைக்குத் திறந்தோம். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை, வேலையை நிறுத்தவில்லை. வாருபலகை உப்பை இழுக்கிற சத்தம், பாத மடிப்பில் படிந்த வெள்ளைக் கோடுகள், கூடை தலைக்கு ஏறும்போது கழுத்து நரம்பு புடைக்கிற விதம், எல்லாம் அன்று கிடைத்தவை. சாயங்காலம் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் துடைத்துத் துணியால் உலர்த்திவிட்டுத்தான் படுக்கப் போனோம். உப்புக் காற்று ஒரே ராத்திரியில் திருகுகளைப் பிடித்துவிடும்.

இங்கே ஒரு பாடம். அந்த அக்காவை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேட்டி எடுத்தால், அந்த நேரத்துக் கூலி அவருக்குப் போகும். அதை யார் கொடுப்பது? பேட்டிக்குக் காசு கொடுத்தால் அவர் நமக்குப் பிடித்ததைப் பேச ஆரம்பிப்பாரோ என்ற கவலை நியாயமானது. ஆனால் இழந்த கூலியை ஈடு செய்வது வேறு. நான் அதை வேலை இழப்புக்கான ஈடு என்று வவுச்சரில் எழுதி, பேசி முடித்த பிறகு, அன்றைய கூலிக் கணக்கிலேயே கொடுப்பேன். ஒப்புதல் படிவத்தைத் தமிழில், எளிய வார்த்தையில் வைத்திருக்க வேண்டும். அதை அவர் முன்னால் உரக்கப் படித்துக் காட்டி, படம் எங்கெல்லாம் ஓடும் என்று விளக்கிய பிறகுதான் கையெழுத்து. "இந்த ஒரு பேச்ச மட்டும் எடுத்துருங்க தம்பி, மேஸ்திரி பாத்தா வேல போயிரும்" என்று மறுநாள் வந்து சொன்னால் எடுத்துவிட வேண்டும். எவ்வளவு நல்ல பேச்சாக இருந்தாலும்.

பருவம் தவறினால் ஆண்டு தவறும் என்பதற்குச் சத்யஜித் ராய் சொன்ன அனுபவம் ஒன்று உண்டு. 'பதேர் பாஞ்சாலி'யில் அக்காவும் தம்பியும் ரயில் பார்க்கப் போகிற வெளியில் நாணல் பூத்து நின்றது. ஒரு நாள் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் திரும்பிப் போனால் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தன. அடுத்த பருவம் பூக்கும் வரை காத்திருந்துதான் மீதியை எடுத்தார்கள். பணத்துக்காகவும் அந்தப் படம் பல முறை நின்று, கடைசியில் மேற்கு வங்க அரசின் பணத்தில் முடிந்து, 1955இல் வெளிவந்தது. உப்பளமும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் மூழ்கும், பிறகு அடுத்த ஆண்டுதான். எனவே எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்த் தொழிலின் பருவத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு டிக்கெட் போடுங்கள்.

இன்னும் சில கைப்பழக்கங்களைச் சொல்லி விடுகிறேன். டீக்கடையில் பேட்டி எடுத்தால் ரேடியோவை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் ஓடுகிற சினிமாப் பாட்டுக்கு உரிமை வாங்க வேண்டி வரும், அது மொத்தப் பேட்டிச் செலவை விட அதிகமாக இருக்கும். பழைய காட்சித் துண்டுகளை வாங்கும்போது எந்த நாடுகளில், எத்தனை ஆண்டுகளுக்கு, தியேட்டருக்கா இணையத்துக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். கார்டில் எடுத்ததை அன்று ராத்திரியே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள். அந்த இரண்டும் ஒரே வண்டியில் ஊருக்குப் போகக் கூடாது. ஒன்று காரில், ஒன்று ரயிலில்.

படம் முடிந்த பிறகும் அதைக் காப்பது தயாரிப்பாளனின் வேலை. 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்தை இன்று நாம் பார்க்க முடியாது. செட்டியாரின் காந்திப் படத்தையே ஆய்வாளர்கள் நாடு நாடாகத் தேட வேண்டியிருந்தது. புனேயில் 1964இல் ஆவணக் காப்பகம் வருவதற்கு முன்பே எத்தனையோ தமிழ்ப் படங்களின் நெகட்டிவ் போய்விட்டது. டிஜிட்டல் வந்ததால் இனிக் கவலையில்லை என்று நம்பாதீர்கள், ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் சாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஒரு காப்பியைக் காப்பகத்துக்குக் கொடுங்கள். படத்தில் வந்தவர்களின் ஊரில் ஒரு காப்பி இருக்கட்டும்.

கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஏதாவது ஒரு யூனிட்டில் புரொடக்‌ஷன் அசிஸ்டென்டாகச் சேருங்கள். ஆறு மாதம் சாப்பாட்டுக் கணக்கு எழுதுங்கள், வண்டிக்கு டீசல் போடுங்கள், ராத்திரி நோட்டில் இரண்டு டிக் போடுங்கள். சொன்ன தேதியில் கடைசி வவுச்சர் வரைக்கும் தீருங்கள், சின்னத் தொகைகளை முதலில் தீருங்கள். விருது வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் தொழில் நடக்கும். நான் அடுத்த படத்துக்கு ஃபோன் போட்டால் என்னோடு முன்பு வேலை பார்த்த லைட்மேனும் டிரைவரும் சமையல்காரரும் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதில்லை. "எத்தன மணிக்கு வரணும் சார்?" என்று மட்டும் கேட்கிறார்கள். இந்தத் தொழிலில் நான் சேர்த்த சொத்து அந்தக் கேள்விதான்.